தெல்போவின் புதன்கிழமைகள்

"ஒளிவுமறைவில்லாமல் தன்னையே ஆராய்வதைவிடப் பெரிய வீரம் மனிதனுக்கு வேறில்லை." அன்செல்ம் தெல்போ சமையலறையில் உலாவியபடி இதை மனைவி உகெத்திடம் சொல்லித் தட்டச்சு செய்யவைத்தபோது, அவருடைய கார் வாசலில் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தது.

"தொட்டி இடப்பக்கத்துலேர்ந்து வந்துது. வலப்பக்கம் வந்தது நான். வலப்பக்கத்துலேர்ந்து வர்றவனுக்குத்தான் முதல் வழி, அதான் சட்டம்" என்றார்.

"தொட்டிக்குச் சக்கரம் இருக்கு, லைசென்ஸ்தான் இல்ல" என்றாள் உகெத். "மேல சொல்லு."

பள்ளியில் மெய்யியல் கற்பித்து ஓய்வுபெற்றவர் தெல்போ. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே பெரிகோர் மண்ணில் ஒரு பிரபு பதவியைத் துறந்து கோபுரத்தில் ஏறி உட்கார்ந்தார். தன் மறதி, சோம்பல், வயிற்றுக்கோளாறு எல்லாவற்றையும் எழுதினார். எதையும் அடித்துச் சொல்ல மறுத்தார். அவர்தான் தெல்போவுக்குத் தெய்வம். உலகத்தைச் சந்தேகித்து எழுதிய மாணவனுக்கு இருபதுக்குப் பதினான்கு போடுவார். தெல்போவையே சந்தேகித்தவனுக்கு ஆறு.

இப்போது வியாழன்தோறும் ஊர்மன்றக் கூடத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறார். அந்தப் பிரபுவின் வழியில் ஆளுக்கொரு பக்கம் தன்னைப் பற்றி எழுதி வாசிக்க வேண்டும். கசாப்புக்கடை ரெமி, தன் கொத்துக்கறியில் காலமெல்லாம் ரொட்டித்தூள் கலந்ததை அங்கேதான் ஒப்புக்கொண்டார். அதன்பிறகு வட்டத்தில் யாரும் அவரிடம் கறி வாங்குவதில்லை. ஆனால் மரியாதை கூடிவிட்டது.

இந்த வியாழன் தெல்போவின் முறை. 'புலன்களை நம்பலாமா?' என்று தலைப்பு. பொறாமையை ஒப்புக்கொண்டிருந்தார், சக ஆசிரியரின் சவ அடக்கத்தில் உள்ளூர மகிழ்ந்ததையும் விடவில்லை. விட்டது ஒன்றுதான். ஒரு வருடமாக எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் புகை படிந்திருந்தது. ஓரங்கள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை.

அதைச் சொன்னால் புதன்கிழமை போய்விடும். பள்ளி இல்லாத புதன் மதியங்களில் பேத்தி நினோனைக் குதிரையேற்றத்துக்குக் காரில் கூட்டிப்போவது அவர்தான். அவள் பின்னிருக்கையில் சாக்லேட் ரொட்டியைத் தின்றுகொண்டே, தாத்தா பாட்டைக் கொல்லுவதைக் கேட்டுச் சிரிப்பாள். வாரத்தில் அவரை யாரும் மதிப்பிடாத ஒரே மதியம் அது. முன்னிருக்கையில் உகெத் உட்கார்ந்து "லாரி", "சிவப்பு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவளுக்கும் அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. தொட்டியை இடித்த அன்று அவள் காரில் இல்லை.

தொட்டியை இடித்த செய்தி நினோனின் அம்மாவான மகள் மிரெய்க்கு ஒரு வாரம் கழித்துத்தான் எட்டியது; வியாழன் காலையிலேயே பக்கத்து நகரத்திலிருந்து வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, கண்ணு எப்படி இருக்கு?"

"நான் எதையும் பாக்காம நம்பறவன் இல்லம்மா."

"உன் தத்துவத்தக் கேக்கல. கண்ணக் கேட்டேன்."

"கழுகு மாதிரி இருக்கு. மத்தியானம் கட்டுரை வாசிக்கிறேன், வந்து பாரு."

"வரேன். நினோன உன்கூட அனுப்பறதா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்."

உகெத் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வாரமாக அவர் சவரம் செய்யும்போதெல்லாம் அந்தக் கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டியவள் அவள்தான். முற்றுப்புள்ளி வரை அவருக்கு மனப்பாடம்.

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மிரெய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாத்தியாரே, கொஞ்சம் பாத்து. போன தடவ என் பொண்டாட்டியவே அழவச்சிட்டீங்க" என்றார் ரெமி.

"அவங்க அழுதது உன் கறிய நெனச்சு."

சிரிப்பு அடங்கக் காத்திருந்தார் தெல்போ. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, சரியான தூரத்தில் பிடித்தார். பார்வை வரிவரியாக இறங்கியது. ஓரிடத்தில் எழுத்துப்பிழையைக் கண்டவர்போலப் புருவத்தைச் சுருக்கி, மன்னித்து, மேலே போனார். "என் கண்களையே நான் நம்புவதில்லை" என்ற இடத்தில் கூடம் பெருமூச்சு விட்டது. ரெமி மூக்கை உறிஞ்சினார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

மிரெய் தட்டவில்லை. அப்பாவின் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உகெத் கொட்டை எழுத்தில் அடித்துக்கொடுத்த தலைப்பு, தாளின் அடியில், தலைகீழாக இருந்தது.