எண் சொல்லாத சிப்

இன்னொரு தடவை காட்டினால் மட்டும் வாயைத் திறந்துவிடப் போகிறாயா?

சிப் தயாரிக்கும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவள் மனதுக்குள் கேட்டது, குப்பிக்குள் கிடந்த சிப்பிடம். ஸ்கேனரைக் காட்டினால், நாயின் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணைச் சொல்ல வேண்டிய சிப் அது. இறந்த நாயின் தோள்களுக்கு நடுவே, தோலுக்கடியிலிருந்து எடுத்து, பிராணிகள் காப்பகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஸ்கேனரை அதன் மேல் நகர்த்தினாள். திரையில் எண் வரவில்லை. பக்கத்திலிருந்த நல்ல சிப்பிடம் கொண்டுபோனதும் 'பீப்' என்றது. ஸ்கேனரில் குறையில்லை. முதலில் நல்லது, பிறகு சந்தேகத்துக்குரியது, மறுபடி நல்லது. நாளெல்லாம் இதையே செய்துவிட்டு வீட்டுக்குப் போனால், கணவன் பேச்சுக்கு 'ம்' கொட்டக்கூடத் தெம்பிருப்பதில்லை.

வழிதவறி வந்த நாய். காப்பகத்தில் ஸ்கேனர் எதுவும் காட்டாததால், சொந்தக்காரர் இல்லையென்று முடிவு செய்து, வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்ததும் கருணைக்கொலை ஊசி போட்டுவிட்டார்கள். மறுநாள் சொந்தக்காரர் வந்து நின்றார். சிப் போட்ட நாயை எப்படிக் கொன்றீர்கள் என்று கத்தினார். நாயைச் சோதித்த பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். இவள் சொல்லும் முடிவைப் பொறுத்துதான் அவளைத் திரும்பச் சேர்ப்பார்கள்.

மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வயதில் இவளுக்கு இளையவர்.

"என்னக்கா, இன்னும் அந்த ஒண்ணையே கட்டிக்கிட்டு அழறீங்களா? கழுத்துல மட்டும் பாத்திருப்பா. சிப்பு தோலுக்கடியில நகந்து காலுக்கு இறங்கியிருக்கும். எல்லாரும் பண்ற தப்புதானே? 'சரியாத் தேடல'ன்னு போட்டு முடிங்க."

"எங்கயும் இறங்கல தம்பி. போட்ட இடத்துலயே செத்துக் கெடந்திருக்கு."

"அப்படி எழுதினா, இதோட ஒண்ணாத் தயாரான சிப்பு அத்தனையையும் திரும்ப வரவழைச்சுச் சோதிக்கணும். எத்தனை ஆயிரம் நாய், பூனை! யார் பண்றது? ஏற்கெனவே இடுப்புல கைய வெச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிறீங்க."

பொய்யில்லை. நினைக்கும்போதே இடுப்பு வலித்தது. ஒருவேளை அந்தப் பெண் சரியாகத்தான் தேடவில்லையோ? அப்படி நம்பிவிட்டால் எவ்வளவு நிம்மதி! ஆனால் ஸ்கேனர் நாயின் கழுத்தில் நின்றிருந்தாலும் வாலில் நின்றிருந்தாலும், இந்தச் சிப் பேசியிருக்காது. "வால் வரைக்கும் பாத்தேன்க்கா," என்று தொலைபேசியில் அந்தப் பெண் சொன்னது அவ்வளவுதான். அழவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அவளுக்கு வேற வேலையா கிடைக்காது? ஒரு வரிதானேக்கா," என்றார் மேலாளர், கீபோர்டை இவள் பக்கம் தள்ளி.

இவளுக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

"அத நான் எழுத மாட்டேன் தம்பி," என்றாள்.