முதுகுக்கு எழுதிய வசனம்

படத்தில் யார் முதுகைக் காட்டி நின்றாலும் அவர் வாயில் ஒரு வசனத்தைத் திணித்திருந்தார்கள். ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த கிழவர் மழையைப் பற்றிப் புலம்பினார். குடையின் கீழே முகமே தெரியாமல் நடந்து போன பள்ளிப் பிள்ளைகள் ஜோக் அடித்துச் சிரித்தார்கள். மதில்மேல் திரும்பி உட்கார்ந்திருந்த பூனையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அந்த மட்டுக்கும் புண்ணியம்.

நிராசாவா சயோகோ தான் எடுத்த அனிமேஷன் படத்தின் ஆங்கிலப் பதிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கியோவில் ஓகிகுபோ ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள ஸ்டுடியோ, இரண்டாம் மாடி, வெள்ளிக்கிழமை காலை. பக்கத்தில் தயாரிப்பாளர் குசகா. எதிரே திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மெரடித். லாஸ் ஏஞ்சல்ஸில் உட்கார்ந்துகொண்டு படத்தை ஆங்கிலத்தில் பேச வைப்பது அவள் வேலை. குசகா இரண்டு வருடம் அமெரிக்காவில் குப்பை கொட்டியவர் என்பதால் மொழிபெயர்ப்பு அவர் தலையில் விழுந்தது.

இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. நம் ஜப்பான் ஆட்கள் வாய்க்கு மூன்று படம்தான் வரைவார்கள்: மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. அந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் பேசுகிற மாதிரி இருக்கும். அந்த வாய் திறந்து மூடுகிற நேரத்துக்குள் ஆங்கில வசனத்தை அடைக்க டப்பிங்காரர்கள் படாத பாடு படுவார்கள். ஆனால் ஒருவர் திரும்பி நின்றுவிட்டால் வாயே தெரியாதே. அப்புறம் என்ன, அவர் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

சயோகோவுக்கு இது தெரியாதா? இருபது வருடமாக இதில்தான் சோறு தின்கிறாள். தெரிந்தும் தன் படத்தின் முக்கியமான இடத்தில் அப்பாவை முதுகு காட்டி நிறுத்தியிருந்தாள். முகத்தை வரைய அவளுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடம் வந்தது. விடியற்காலை. ஊரைவிட்டு டோக்கியோவுக்குக் கிளம்பும் பெண் வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து, "போயிட்டு வர்றேன்" என்கிறாள். அப்பா தொட்டியில் அரிசி கழுவிக்கொண்டிருக்கிறார். திரும்பவில்லை, பேசவில்லை. அரை நிமிடத்துக்கும் மேலாகத் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பெண் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள்.

போய்விட்டு வருகிறேன் என்றால் வீட்டில் இருப்பவர் போய்விட்டு வா என்று சொல்ல வேண்டும். முந்தின நாள் தட்டை வீசிச் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிகூட மறுநாள் காலையில் அதைச் சொல்லிவிடுவார்கள். மனசு சொல்லாவிட்டாலும் வாய் சொல்லிவிடும். அதைக்கூடச் சொல்லாமல் பெற்ற அப்பன் ஒருவன் நின்றான் என்றால் அது சாதாரண விஷயமா? ஜப்பானில் படம் ஓடிய தியேட்டர்களில் அந்த அரை நிமிடத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. விமர்சகர்கள் 'இந்நாட்டுத் தந்தையரின் மௌனம்' என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். அவர்களுக்கு எழுதச் சொல்லியா தர வேண்டும்?

அது சயோகோவின் சொந்த அப்பா. சகாத்தா துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். மகள் நகராட்சி ஆபீசில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவள் படம் வரையப் போகிறேன் என்று பத்தொன்பது வயதில் கிளம்பினாள். அதற்கப்புறம் புத்தாண்டுக்குப் போனால் "வந்துட்டியா" என்பார், டிவியைப் பார்ப்பார். மீன் விலை, பனி, அதற்குமேல் பேச்சு இல்லை. படம் தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில் செத்துப்போனார். சயோகோ இறுதிச் சடங்கில் அழவில்லை. அதற்கப்புறமும் அழவில்லை. அழுகை வராததைப் பற்றிக்கூட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது ஆங்கிலத்தில் அந்த முதுகு பேசியது. அடியில் பியானோ வேறு.

"என்ன சொல்றார்?" என்று சயோகோ கேட்டாள்.

குசகா தொண்டையைச் செருமிக்கொண்டார். "'நான் எப்பவும் இங்கதான் இருப்பேன் கண்ணு. உன்னை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. உன் கனவை விட்டுடாதே.'"

"யாரு, இவரா?"

"இவர்தான், டைரக்டர்."

சயோகோ சிரிக்கக்கூட இல்லை. குசகா குரலைத் தாழ்த்தினார். "தயாரிப்புக் குழுவுல எல்லாரும் சரின்னுட்டாங்க. படத்துக்குப் பணம் போட்ட பொம்மைக் கம்பெனிக்காரர் கண்ணெல்லாம் கலங்கிட்டார். ஆனா ஒப்பந்தப்படி கடைசி வார்த்தை உங்களுது. வேணாம்னா வேணாம். இது சும்மா மாதிரிக்குப் பேசி வெச்சது, செவ்வாய்க்கிழமைதான் நிஜ நடிகர் வர்றார், அதுக்குள்ள சொல்லணும்."

"வேணாம். எடுத்துடச் சொல்லுங்க."

குசகா ஆங்கிலத்தில் சொன்னார். மெரடித் கோபப்படவில்லை. நல்ல பெண்மணிதான், அதைச் சொல்லியாக வேண்டும். நிதானமாக ஏதோ விளக்கினாள். குசகா மாற்றிச் சொன்னார்: "முதல்ல அவங்களும் பேசாமத்தான் விட்டாங்களாம். நூறு பேருக்குப் போட்டுக் காட்டினா, பாதிப் பேர் சவுண்டு கட் ஆயிடுச்சுன்னு திரும்பிப் பார்த்தாங்களாம். அவங்க ஊர்ல அந்தப் பதில் சொல்ற வழக்கம் கிடையாதே. எது வரலைன்னே அவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் எழுதினாங்களாம்."

"தெரியாட்டிப் போகட்டும்."

"சரி, பேச வேண்டாம்ங்கறாங்க. ஆனா நடிகர் மூச்சாவது விடணும், இல்லாட்டி அங்க ஒரு ஆள் நிக்கற மாதிரியே இருக்காதாம். கோபத்துல விடுற மூச்சு வேற, துக்கத்துல விடுற மூச்சு வேற. அவர் கோபமா நிக்கறாரா, துக்கமா நிக்கறாரா? அதை மட்டும் டைரக்டர் சொல்லிட்டா போதுங்கறாங்க."

சயோகோ வாயைத் திறந்தாள், மூடினாள். இங்கே இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. அப்பாவுக்குக் குரல் கொடுத்த நடிகர் அந்தக் காட்சி முழுக்க மைக் முன்னால் கைகட்டி நின்றுவிட்டுப் போனார். விமர்சகர்கள் கேட்கவில்லை. அவளும் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கோபம் என்று அந்த வயதிலேயே முடிவு கட்டி உள்ளே போட்டுப் பூட்டியிருந்தாள். இப்போது ஒரு வெளிநாட்டுக்காரி பேனாவை வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

"செவ்வாய்க்கிழமை சொல்றேன்னு சொல்லுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அம்மாவுக்கு போன் போட்டாள்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கையெல்லாம் பழம்," என்றாள் அம்மா. தொங்கவிட்டு உலர்த்துவதற்குத் துவர்க்கும் பெர்சிமன் பழங்களின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி போகிற சத்தம் கேட்டது. "இந்த வருஷம் காய்ப்பு அதிகம். மரத்துல விட்டா கரடி வருதுன்னு முனிசிபாலிட்டிக்காரன் கத்தறான். உனக்கு ஒரு பெட்டி அனுப்பட்டுமா?"

"அனுப்பு. அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் முதல் தடவை டோக்கியோ கெளம்பினேனே, அன்னைக்கு அப்பா கோபமா இருந்தாரா, துக்கமா இருந்தாரா?"

கத்திச் சத்தம் நின்றது. "இதென்ன திடீர்னு?"

"அமெரிக்காக்காரி கேக்கறா."

"அவளுக்கு எதுக்குடி உங்கப்பா சமாச்சாரம்?"

"படத்துக்குத்தான். சொல்லேன்."

"கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ சொல்லுவேன்னு நின்னுக்கிட்டிருந்தார்."

"என்ன சொல்லுவேன்னு?"

"போயிட்டு வர்றேன்னு. வேறென்ன?"

"நான்தான் சொன்னேனே."

"எங்க சொன்னே? நான் மாடிப்படியில நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ஷூவைப் போட்டே, பையைத் தூக்கினே, சத்தமில்லாம கதவை இழுத்துச் சாத்திட்டுப் போயிட்டே. மனுஷன் கழுவின அரிசியையே கழுவிக்கிட்டு நின்னார். குளிர்காத்து முதுகுல பட்டதும்தான் திரும்பிப் பார்த்தார். 'போயிட்டாளா'ன்னார். 'போயிட்டா'ன்னேன். அன்னைக்குச் சோறு குழைஞ்சு போச்சு."

"படத்துல அந்தப் பொண்ணு சொல்றாளே, அம்மா."

"படத்துல சொல்றா. நீ சொல்லல." அம்மாவின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை, மழை பெய்தது, நின்றது என்று சொல்வதுபோல் சொன்னாள். "பார்த்தப்போ நெனச்சேன், சரி, சினிமான்னா பொண்ணை நல்லவளாத்தான் காட்டணும் போலன்னு. ஐஸ் ஃபேக்டரில இருந்தவரைப் படத்துல மாலுமியாக்கிக் கப்பல்ல ஏத்தலியா, அது மாதிரி."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்போ? தியேட்டர்லயா? எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தாங்க. வெளிய வந்ததும் அடுத்த வீட்டுக்காரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க வீட்டுக்காரர் இவ்வளவு கல்நெஞ்சரா'ன்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்றது? ஆமான்னுட்டேன்."

அம்மா மறுபடி சீவ ஆரம்பித்தாள்.

"நான் சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா பதில் சொல்லியிருப்பார். திரும்பிப் பார்த்திருக்க மாட்டார், அது வேற. ஆனா சொல்லியிருப்பார். அதுக்குத்தானே நின்னார்? இதையெல்லாம் அந்த அமெரிக்காக்காரிகிட்ட சொல்லிக்கிட்டிருக்காதே. பெட்டி வியாழக்கிழமை வரும், வீட்டுல இரு."

போனை வைத்தபின் சயோகோ அந்த விடியற்காலையை நினைவுபடுத்திப் பார்த்தாள். போயிட்டு வர்றேன் என்று சொன்னது காதில் தெளிவாக விழுந்தது. ஆனால் விழுந்தது அவள் குரல் அல்ல. படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பேசிய நடிகையின் குரல். அதை ஒதுக்கிவிட்டு அடியில் தன் குரல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. பெரிதாக அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை, கால் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். செத்த மனுஷனைக் கல்நெஞ்சன் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிக் காட்டியாயிற்று என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மெரடித்தின் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. தொப்பி போட்ட பருமனான நடிகர் ஒருவர் மைக் முன்னால் தயாராக நின்றார்.

"முடிவு பண்ணிட்டீங்களா டைரக்டர்?" என்றார் குசகா. "கோபமா, துக்கமா?"

"அந்தப் பொண்ணு பேசறதை எடுத்துட முடியுமான்னு கேளுங்க."

"பொண்ணா? அப்பா வசனத்தைத்தானே எடுக்கணும்னீங்க?"

"பொண்ணு சொல்றதை. போயிட்டு வர்றேன்னு சொல்றாளே, அதை. அவ ஒண்ணும் சொல்லாம போகட்டும்."

குசகா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டார். மெரடித் அந்த இடத்தைத் திரையில் நிறுத்திக் காட்டினாள். வாசலில் பெண் நிமிர்ந்து நிற்கிறாள், முகம் நேராக இந்தப் பக்கம். வாய் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. சயோகோ தானே உட்கார்ந்து வரைந்த வாய்.

"வாய் அசையுதே, சத்தம் இல்லாட்டி ஜனங்க மறுபடி சவுண்டு போச்சும்பாங்கன்னு சொல்றாங்க," என்றார் குசகா. "மூடின வாயா மாத்தி வரைஞ்சு கொடுத்தா எடுத்துடலாமாம். ஆனா டைரக்டர், படம் வந்து ஒரு வருஷம் ஆச்சு. இப்போ போய் ஒரு ஷாட்டைத் திருத்தணும்னு நான் தயாரிப்புக் குழுகிட்ட கேட்டா என்னை வெளிய அனுப்பிடுவாங்க. ஜப்பான் முழுக்கப் பார்த்து அழுத சீன் அது."

"அப்போ அவ பேசித்தான் ஆகணும்."

"ஆமா."

"அப்படின்னா அப்பா பதில் சொல்லட்டும்."

இதைக் கேட்டதும் மெரடித் முகம் மலர்ந்தது. உடனே தாளைப் புரட்டி அந்தப் பெருமை, கனவு எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுத்தாள். சயோகோ கையை ஆட்டினாள். "அதெல்லாம் வேணாம். பியானோவும் வேணாம். போயிட்டு வா, அவ்வளவுதான். அதுக்கு இங்கிலீஷ்ல கிட்டத்துல என்ன இருக்கோ அதைப் போடச் சொல்லுங்க."

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேசி, பத்திரமாய் வீட்டுக்கு வந்து சேர் என்கிற மாதிரி ஒரு சின்ன வாக்கியத்தைப் பிடித்தார்கள். நடிகர் கண்ணை மூடி, நெஞ்சிலிருந்து எடுத்து, குரல் நடுங்கச் சொன்னார். சயோகோ தலையை ஆட்டினாள். "இவ்வளவு வேணாம். தினமும் ஸ்கூலுக்கு அனுப்பற மாதிரி. அரிசி கழுவிக்கிட்டே சொல்லட்டும்."

நடிகர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, கைகளைத் தொட்டிக்குள் விட்டவர்போல் குனிந்து, சாதாரணமாகச் சொன்னார். திரையில் முதுகு அசையவில்லை. தண்ணீர் ஓடியது. பெண் கதவைச் சாத்தினாள்.

"சரியா இருக்கா?" என்று மெரடித் கேட்டதைக் குசகா மாற்றிச் சொன்னார்.

சயோகோ இன்னொரு முறை போடச் சொன்னாள். பார்த்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். நெஞ்சில் எங்கேயோ வலித்தது, ஆனால் அது தூரத்தில் வேறு யாருக்கோ வலிப்பது போலத்தான் இருந்தது. "சரியா இருக்கு," என்றாள்.

கட்டங்கள் இரண்டும் அணைந்தன. குசகா கம்ப்யூட்டரை மூடாமல் தயங்கினார். "டைரக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம படத்துல அந்த அப்பா பேசவே இல்லை. அதுக்காகத்தான் பரிசே கொடுத்தாங்க. இங்க பார்த்த ஜனங்க இங்கிலீஷ்ல பார்த்துட்டு ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"டப்பிங்ல மாத்திட்டாங்கன்னு சொல்லிடுங்க," என்றாள் சயோகோ.

குசகா அதைக் குறித்துக்கொண்டார்.