வேறு விதமாக

நாயாறு என்ற கடலோர ஊரின் ஜெயரூபினிக்கு வலக்கை முழங்கையோடு நின்றுவிட்டது. பதினான்கு வயதில், போரின் கடைசி மாதங்களில் போன கை. இன்று முப்பதைக் கடந்தும் எழுத்தெல்லாம் இடக்கையால்தான். நூலகமொன்றில் நான்காண்டுகளாகத் தற்காலிக உதவியாளராக இருந்தாள். சாதாரண தரப் பரீட்சையின் கணிதப் பாடத்தில் இம்முறை தேறினால் வேலை நிரந்தரம்; தவறினால் அந்தக் கதிரைக்கு வேறொருவர். முன்பு இருமுறை தவறியதும் கணக்குத் தெரியாமலன்று. இடக்கை எழுதி முடிக்குமுன் மணி அடித்துவிட்டது.

இருபடிச் சமன்பாடுதான் அவள் நேரத்தை விழுங்கியது. பாடப்புத்தகத்தின் வர்க்கபூர்த்தி முறையில் ஒன்றுக்கு ஒன்பது வரி.

தம்பி மரியநேசன் பிடிக்கும் இறாலைச் சைக்கிளின் இருபுறமும் பைகளில் தொங்கவிட்டு உருட்டிச் செல்வது அவள் வழக்கம். ஒருபுறம் பாரமானால் ஒற்றைக் கைக்கு அடங்காது. ஆகவே ஒன்றில் அள்ளி மற்றதில் இட்டுச் சமன் செய்வாள். ஒருநாள் அள்ளிய கை அப்படியே நின்றது. முந்திய இரவு மல்லாடிய சமன்பாட்டின் இரு விடைகளையும் கூட்டினால் எட்டு, பெருக்கினால் பதினொன்று. அத்தகைய இரண்டு எண்கள் எவை? எட்டில் பாதி நான்கு. ஒன்று நான்கிலிருந்து எவ்வளவு குறைகிறதோ, மற்றது அவ்வளவு கூடும். நான்கின் வர்க்கம் பதினாறு. பதினொன்று போக மிச்சம் ஐந்து. ஐந்தின் வர்க்கமூலமே அந்தக் கூடுதலும் குறைவும். மூன்றே வரி.

"இறால் வித்த கணக்கோ அக்கா இது?" என்றான் மரியநேசன்.

"சிரி, சிரி. ஏழு வருசப் பேப்பரிலயும் 'வர்க்கபூர்த்தி மூலமோ வேறு விதமாகவோ தீர்க்க' எண்டுதான் கிடக்கு. இது வேறு விதம்."

பரீட்சை மண்டபத்தில் முதன்முறையாக அவளுக்கு நேரம் மிஞ்சியது. பேனா மூடியைப் பல்லால் கடித்துப் பொருத்திவிட்டு வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்த தம்பி வினாத்தாளை வாங்கினான்.

"அக்கா, 'வர்க்கபூர்த்தி மூலம் தீர்க்க' எண்டெல்லோ போட்டிருக்கு."

"அதுக்குப் பிறகு வாசி."

"பிறகு முற்றுப்புள்ளிதான்."

அவள் தாளைப் பறித்துப் பார்த்தாள். ஏழு ஆண்டுத் தாள்களில் பழகிய கண், இல்லாத சொல்லைத் தானே இட்டு வாசித்திருந்தது.

பெறுபேறு வந்தது. கணிதத்தில் தேறவில்லை. அந்த ஒரு வினாவால்தானா என்பதைப் பெறுபேறு சொல்வதில்லை; ஆனால் அவளுக்கு ஐயமில்லை. புதிதாக வந்த பெண்ணிடம் நூலகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தபோது, மரியநேசன் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"விடை பிழையோ அக்கா?"

"இல்லை. பத்துத்தரம் செய்து பாத்திட்டன். சரி."

அவன் வலையை மடிக்கு இழுத்துக்கொண்டு கேட்டான்: "இறால் துப்புரவாக்கிற வாடியில வேலை கேக்கட்டோ?"

"தோல் உரிக்க ரெண்டு கை வேணும், நேசன்."

அவன் வலையிலிருந்து பாசியைக் களையத் தொடங்கினான். ஒரே கண்ணியை நெடுநேரம் களைந்துகொண்டிருந்தான்.