உறைக்கு நான்கு ஆணி

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தின நாள் சியோலிலிருந்து காரில் கிளம்புகிறவனுக்கு நிறையப் பொறுமை வேண்டும். குவாங்சிக்கிடம் அது இருந்ததே இல்லை. பள்ளியில் முப்பது வருடம் சரித்திரம் நடத்திய மனிதர், முன்னால் நிற்கும் வண்டி மூன்று நிமிடம் நகராவிட்டால் உலகமே அழிந்துவிட்டது போல் உச்சுக் கொட்டுவார்.

"போராம் அம்மா, அந்த பார்லி டீயை எடு. போராம் அம்மா, ரேடியோவை மாத்து."

பக்கத்து இருக்கையில் இருந்த அவர் மனைவி ஹேசுன் எடுத்தாள், மாற்றினாள். மகள் போராமுக்கு இருபத்தைந்து வயது. வேலைக்கென்று பூசானில் தனியாக இருக்கிறாள். அவள் இந்தக் காரிலேயே இல்லை. ஆனாலும் நூறு கிலோமீட்டருக்குள் அவள் பெயர் நாற்பது தடவை வந்துவிட்டது.

மலை தெரிந்தது. சுரங்கப்பாதையின் வாயும் தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால் வண்டிகள் அடியோடு நின்றுவிட்டன.

"தம்பி பொண்டாட்டி வேலையை விட்டுட்டாளாம், தெரியுமா?" என்றார் குவாங்சிக். "நாளைக்கு வீட்ல அதான் பேச்சு. உன்கூடப் படிச்சவங்களும் கல்யாணம், குழந்தைன்னு ஒவ்வொருத்தரா விட்டுட்டாங்க. நீ மட்டும் ஏன் விடலை? நான் கேட்டதே இல்லை பாரு."

அவர்தான் கேட்டதில்லை. மற்ற எல்லோரும் கேட்டார்கள். மாமியாரிடம் போராமின் படிப்புச் செலவு என்றாள். சிநேகிதிகளிடம் வீட்டுக்கடன் என்றாள். பேட்டி எடுக்க வந்த கல்லூரிப் பெண்ணிடம் நாட்டு முன்னேற்றம் என்றுகூடச் சொல்லிவைத்தாள். எல்லாமே பாதி உண்மை. ஆனால் அந்தச் சுரங்க வாயை எதிரில் வைத்துக்கொண்டு பாதி உண்மை சொல்ல அன்று அவளுக்கு வாய் வரவில்லை.

"இந்த சுரங்கத்தாலதான்" என்றாள்.

இரண்டாயிரத்து ஒன்று, ஜனவரி. ஹேசுனுக்கு முப்பத்திரண்டு, போராமுக்கு மூன்று. இதே மலையடிவாரத்தில், இரும்புப் பெட்டி போன்ற தள அலுவலகத்தில் வாரத்துக்கு நான்கு நாள் இருப்பாள். சுரங்கத்தின் நடுப்பகுதியை வரைந்தவள் அவள். கூரையைத் தாங்க எந்த இடத்தில் பாறைக்குள் எத்தனை கம்பி இறக்க வேண்டும் என்பது அவள் போட்ட கணக்கு. ஆனால் ஒரு வருடமாகியும் அவள் சுரங்கத்துக்குள் ஓர் அடி வைத்ததில்லை. மலைக்குள் இருக்கும் பெண் தெய்வத்துக்கு இன்னொரு பெண் வந்தால் பிடிக்காதாம், கோபத்தில் பாறையைத் தள்ளிவிடுமாம். படித்த பொறியாளர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவளை வாசலிலேயே நிறுத்துவார்கள்.

குழந்தைகள் காப்பகத்திலிருந்து அலுவலகத் தொலைபேசிக்கு அடிக்கடி அழைப்பு வரும். "போராம் அம்மா இருக்காங்களா? காய்ச்சல்." அதைக் கேட்டுக் கேட்டுத் தளத்தில் எல்லோருக்குமே அவள் போராம் அம்மா ஆகிவிட்டாள். காலையில் மாமியார் அழைப்பார். "ஏம்மா, பெத்தவளே இல்லாம ஒரு குழந்தை வளருமா? எப்போ விடப்போறே?" இரவு கணவனைக் கேட்டால், "உன் இஷ்டம்" என்பார். உன் இஷ்டம் என்றால் நல்லது கெட்டது எல்லாம் உன் தலையில் என்று அர்த்தம். ஹேசுனுக்கு அப்போது அவர்மேல் வந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அந்த வாரம் போராமுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஹேசுன் போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆயிற்று. குழந்தை அவளைப் பார்த்ததும் அழவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதி, வெள்ளை உறையில் போட்டு ஒட்டி, முன்பக்கம் 'ராஜினாமா' என்று முறைப்படி எழுதினாள். வியாழக்கிழமை தளப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு, மத்தியானப் பேருந்தில் ஊர் திரும்புவதாக எண்ணம்.

வியாழக்கிழமை அவள் போய் இறங்கியபோது சுரங்கத்துக்குள் மேல்பூச்சு விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கம்பிகளைக் கூட்ட வேண்டும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறதென்று வயர்லெஸ்ஸில் கேட்டாள். உள்ளே இருந்த இளம் பொறியாளன் இடது என்றான். யோம் மேஸ்திரி வலது என்றார். மேஸ்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் வளர்ந்த கிழவர், அவருக்கு இடதும் வலதும் வாசலைப் பார்த்து நிற்கும் கணக்கு. பையன் உள்பக்கம் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள். ஆனால் பையன் மேஸ்திரியிடம் கற்றவன், அவரைப் போலவே வாசலைப் பார்த்தும் சொல்லியிருக்கலாம். எதைப் பார்த்து நின்றோம் என்பது அவனுக்கே நினைவில்லை. தவறான பக்கம் துளை போட்டால் கூரை இறங்கும். உள்ளே பதினோரு பேர்.

மேஸ்திரி வெளியே வந்ததும் அவர் எதிரில் போய் நின்றாள். "நான் உள்ள போய்ப் பாக்கணும்."

"அது நடக்காது போராம் அம்மா. நாப்பது வருஷமா மலைக்குள்ள கிடக்குறேன். ஒரு பொம்பளையை விட்டதில்லை."

"ஒரு வருஷமா ஒரு பொம்பளை வரைஞ்ச படத்தை வெச்சுதான் தோண்டுறீங்க. அது உங்க மலைக்குத் தெரியாதா?"

மேஸ்திரி அவளை முறைத்தார். காறித் துப்பினார். பிறகு அலுவலகத்துக்குள் போய் ஒரு புட்டி அரிசிக் கள்ளும் ஒரு கருவாடும் எடுத்துவந்து சுரங்க வாசலில் வைத்தார். இரண்டு முறை விழுந்து கும்பிட்டார்.

"யார் வர்றாங்கன்னு மலைகிட்டச் சொல்லணும். சத்தமாச் சொல்லு."

"போராம் அம்மா" என்றாள் பழக்கத்தில்.

"மலைக்குப் போராம் யாருன்னு தெரியுமாக்கும்! உன் பேரைச் சொல்லு. என்ன வேலையா வந்தேன்னு சொல்லு."

தன் பெயரைத் தானே கடைசியாகச் சொன்னது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோதுதான். "தாக் ஹேசுன்" என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னாள். "தாக் ஹேசுன். பொறியாளர். பாறை எப்படி இருக்குன்னு பாக்க வந்திருக்கேன்."

கிழவர் கள்ளை மண்ணில் ஊற்றி, தன் தலைக்கவசத்தைக் கழற்றி அவள் தலையில் வைத்தார்.

உள்ளே ஈரமும் வெடிமருந்து வாசனையும். காகிதத்தில் மட்டுமே பார்த்திருந்த பாறையில் கையை வைத்தபோது அவளுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். வெட்கப்படுமளவுக்குச் சந்தோஷம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே வாரத்தில் இப்படியொரு சந்தோஷம் வரலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அது போகவில்லை. பாறை அடுக்குகளை வரைய நோட்டை எடுத்தால், அது நனைந்து கூழாகியிருந்தது. சட்டைக்குள் இருந்த உறை மட்டும் காய்ந்திருந்தது. அதன் பின்பக்கத்தில் வரைந்தாள், கோணங்களைக் குறித்தாள், எந்தப் பக்கம் எத்தனை கம்பி என்று எழுதினாள்.

மேஸ்திரி அதை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் கம்பிகள் இறங்கின, விரிசல் நின்றது. உறை அலுவலகச் சுவரில், வரைபடம் வெளியே தெரியும்படி ஏறியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள். வேலை முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இன்னொன்று எழுதுவதற்கு ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும். அடுத்த வாரம் எழுதவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

மே மாதம் சுரங்கம் மறுபக்கம் திறந்தது. யோம் மேஸ்திரி உறையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். முன்பக்கத்தில் 'ராஜினாமா' என்று மையில் எழுதியிருந்தது அழியாமல் இருந்தது.

"நீங்க இதைப் பாத்தீங்களா?"

"முதல் நாளே பாத்துட்டேன்" என்றார் கிழவர். "அதான் யாரும் திருப்பிப் பாக்காதபடி நாலு மூலையிலயும் ஆணி அடிச்சேன். காகிதத்துக்கு ஒண்ணு போதாதா?"

ஹேசுன் சொல்லி முடித்தபோது வண்டிகள் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றிருந்தன. குவாங்சிக் உச்சுக் கொட்டவில்லை.

"அந்த உறை எங்க?"

"என் மேஜை இழுப்பறையில இருக்கு. பிரிக்கவே இல்லை."

"நான் அப்போ உன் இஷ்டம்னு சொன்னேன், இல்ல?"

"ஆமா."

அவர் பின்பக்கம் திரும்பி, நாளைய படையலுக்கு வாங்கிய பையில் துழாவி, அரிசிக் கள்ளுப் புட்டியைத் திறந்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க? ரோட்ல!"

கண்ணாடியை இறக்கி, ஒரு மூடி அளவு கள்ளைத் தார் மேல் ஊற்றினார். தலையை வெளியே நீட்டி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் அதே குரலில் மலையைப் பார்த்துக் கத்தினார்.

"தாக் ஹேசுன் வர்றாங்க! கூட அவங்க டிரைவர்!"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். முன்வரிசை நகர ஆரம்பித்திருந்தது. ஹேசுன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் தோளில் தட்டினாள்.

"பொறியாளர்னு சேத்துச் சொல்லுங்க."

குவாங்சிக் மறுபடி தலையை வெளியே நீட்டினார்.