ஏலக்காரர் வாய்க்கு ஏற்ற மாத்திரை

கானத்தூர்க் கடற்கரையில் மீன் ஏலம் விட அருண்ராஜை விட்டால் ஆள் கிடையாது. படகு தள்ளும்போது அலை புரட்டிப்போட்டு முதுகுத்தண்டு அடிபட்டதில் கால்கள்தான் போயின; குரலுக்கு ஒரு குறையும் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே விலையை ஏற்றிவிடுவார்.

தொல்லை கொடுத்தது சிறுநீர்ப்பை. வேளாவேளைக்குக் குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்தாலும், நடுவில் அது தானாகவே சுருங்கி லுங்கியை நனைத்துவிடும். தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மிருதுளா அதற்கு மாத்திரை கொடுத்தார். நனைவது நின்றது. ஆனால் வாய் வறண்டுபோனது. ஏலத்தின் நடுவே நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு, 'சங்கரா' என்ற மீன் பெயர் பாதியில் நின்றது. வியாபாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போட்டுகினுதான் கீறேன் மேடம்."

"எங்க போடுது? எல்லாம் தலைகாணி உறைக்குள்ள கீது!" என்றாள் மனைவி புஷ்பலதா.

அருண்ராஜ் தலையைச் சொறிந்தார். "லுங்கி நனைஞ்சா மாத்திக்கலாம் மேடம். ஏலத்துல நாக்கு ஒட்டிக்கினா இன்னா பண்றது?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார். "நனையுறது மட்டும்னா பரவாயில்ல. பைக்குள்ள அழுத்தம் ஏறினா கிட்னி கெட்டுடும். ஒத்துக்கலன்னா என்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. வேற ரகம் தர்றேன், அது வாயை அவ்வளவா காயவைக்காது. ஆனா அதுல பி.பி. ஏறலாம், அடிக்கடி பார்க்கணும். குழாயையும் விடக் கூடாது."

பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின. கொஞ்சம் கொஞ்சமாக நனைவது குறைந்தது. நாக்கும் பழையபடி புரண்டது. அப்புறம் ஒருநாள் காலை, படகுகள் நிறைய மீனோடு கரையேறின. அருண்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஆளை ஆள் முந்திக்கொண்டு விலை கேட்டார்கள். குரோம்பேட்டையில் கடை வைத்திருக்கும் எலியேசர், கேட்ட வேகத்தில் ஒரு கூடை வஞ்சிரத்தை எடுத்துவிட்டு விழித்தார்.

"அண்ணா, நான் நெத்திலி வாங்கத்தானே வந்தேன்!"

"அதுவும் கீது, இரு. அடுத்தது அதான்!" என்றார் அருண்ராஜ்.