சின்னதுரை காலிலிருந்த பந்து

பந்து உதைத்தால் நல்ல குணம் வரும் என்று சொன்னது நான் இல்லை, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை. வேலை முடிந்ததும் இளவட்டங்கள் நோர்வூட் டவுனுக்கு இறங்கிப் போய்த் தொழிற்சங்கக் கூட்டத்தில் நிற்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். உடனே பெக்டரிக்குக் கீழே மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, இரண்டு பக்கமும் கோல் கம்பு நட்டார். நட்டார் என்றால் அவரா நட்டார்? எங்கள் ஆட்கள்தான் நட்டார்கள்.

"கிரவுண்டுக்குள்ள தொரை இல்ல, கூலி இல்ல. எல்லாம் ஒண்ணு. நீ பயப்படக் கூடாது. நேரா வெளையாடு. நல்ல கொணம் வரும்" என்று தன் தோட்டத்துத் தமிழில் சொன்னார். நாட்டில் எங்களுக்கு இருந்த ஓட்டுரிமையையே பிடுங்கிக்கொண்டார்கள், கிரவுண்டுக்குள் மட்டும் சமமாம்! அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் துரை விசில் ஊதினார். ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பந்தை விட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி வரிசையாக நின்றுவிட்டார்கள். விடிந்தால் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது அப்படி நின்று பழகிய உடம்பு, வேறென்ன செய்யும்? விசில் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தினால் போதும், வரிசை வேண்டாம் என்று புரியவைப்பதற்குள் துரைக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

என் தம்பி அழகுமுத்து மட்டும் துரை சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே நம்பினான். எங்கள் வீட்டில் இப்படி ஒரு கிறுக்கு.

அந்தச் சமயம்தான் மலைக் கணக்கப்பிள்ளை வேலை காலியானது. கொழுந்தை நிறுத்துப் பேர் போடுகிற வேலை. தம்பி எட்டாவது வரை படித்தவன், கணக்கில் புலி. அந்த வேலை கிடைத்தால் தனி வீடு கொடுப்பார்கள். நானும் என் புருஷனும் பிள்ளைகளும் அம்மாவும் ஒரே லயத்துக் காம்பராவில் முடங்கிக் கிடந்தோம். தம்பி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் குளிரில் சுருண்டு படுப்பான். நான் சாமிக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். போட்டிக்கு இருந்தது ஒரே ஆள், பெரிய கங்காணி மகன் கணேசமூர்த்தி. துரை என்ன சொன்னார் தெரியுமா? சித்திரை வருசத்துக்கு நடக்கும் பந்தாட்டத்தில் யாருக்கு நல்ல குணம் இருக்கிறது என்று பார்த்து வேலை கொடுப்பாராம்.

எங்கள் ஆட்கள் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் கிளாக்கர்மார், டீமேக்கர், அவர்களோடு சீமையிலிருந்து புதிதாக வந்த சின்னதுரை. பெரிய துரைதான் விசில்.

சின்னதுரை காலுக்குப் பந்து போனால் போதும், எங்கள் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். கணேசமூர்த்தி இன்னும் ஒரு படி மேலே போனான். சேற்றில் சிக்கிய பந்தை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, சின்னதுரையின் பூட்சுக்கு முன்னால் பவ்யமாக வைத்தான். அப்படியும் அந்த மனிதருக்குக் கோல் போடத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

கடைசியில் சின்னதுரை பந்தோடு வரும்போது அழகுமுத்து எதிரே போனான்.

"அடேய் பாவி, விட்டுடுடா! ஒனக்குப் புண்ணியமாப் போகும், விட்டுடுடா!" என்று கரையில் நின்று கத்தினேன்.

வெறுங்காலால் பந்தை மட்டும் சுத்தமாக எடுத்தான். சின்னதுரை தானாகச் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். தம்பி பெரிய துரையைப் பார்த்தான். விசில் வரவில்லை. அப்படியே ஓடிப் போய்க் கோல் போட்டான்.

பெரிய துரை கை தட்டினார். தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவன் ஆம்பள!" என்றார். நான் அன்றைக்கே தனி வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துவிட்டேன்.

மறுநாள் பெரட்டில் வேலை கணேசமூர்த்திக்குப் போனது.

"நீ நல்லா வெளையாடுற, அழகுமுத்து. கணக்கப்புள்ளைக்கு அடக்கம் வேணும். அவனுக்கு நல்ல கொணம்" என்றார் துரை. தம்பியை மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்ட அனுப்பினார்கள். நேற்றுவரை 'அடேய் கணேசா' என்று கூப்பிட்டவனை அன்றிலிருந்து நாங்கள் ஐயா என்று கூப்பிட்டோம்.

பந்தைத் துடைத்துக் கொடுத்த அதே கை தராசைப் பிடித்தது. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று வாய்க்கு வந்தபடி எடையில் றாத்தல் றாத்தலாகக் கழித்தான். ஒரு நாள் நிறைந்த கூடையோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போன எனக்கு அரைப்பேர் போட்டான். நாள் முழுக்க மழையில் நனைந்ததற்கு அரை நாள் சம்பளம்.

"என்னங்கய்யா இது அநியாயமா இருக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டேன்.

"வாயக் கொறச்சிக்க, பூரணி. இல்லாட்டி அந்த அரையும் இல்ல" என்றான்.

பக்கத்துக் கானில் மண் அள்ளிக்கொண்டிருந்த அழகுமுத்து மேலே ஏறி வந்தான். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான்.

வேடிக்கை பார்த்தே பந்தாட்டச் சட்டம் படித்த பொம்பளைகள் நாங்கள். விசில் கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும். என்னோடு கொழுந்து பறிக்கிற மீனம்மா முதலில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தாள். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம்.

துரை குதிரை வேகத்தில் வந்தார். "என்ன இது?"

"இது பவுல் ஆட்டமுங்க தொரை. மறுபடி நிறுக்கச் சொல்லுங்க" என்றான் தம்பி.

"இது கிரவுண்டு இல்ல!"

"தெரியுதுங்க. கிரவுண்டுல நீங்க நேரா விசில் ஊதுனீங்க."

துரையின் முகம் சிவந்தது. கூடையில் கிடந்து சூடேறினால் கொழுந்தும் சிவந்துவிடும், தேயிலை கெட்டுப்போகும். அவர் கூடைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. மறுபடி நிறுத்தார்கள். எல்லாருக்கும் முழுப்பேர்.

அந்த வாரமே கம்புகளைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். பந்து விளையாடினால் குணம் கெட்டுப்போகிறது என்று பெரிய கிளாக்கரிடம் வருத்தப்பட்டாராம். கிரவுண்டில் தேயிலைக் கன்று வைத்தார்கள். குழி வெட்டியது என் தம்பிதான்.

இப்போது அந்தச் செடிகளில்தான் கொழுந்து பறிக்கிறேன். கணேசமூர்த்திதான் நிறுக்கிறான். தனி வீடும் அவனுக்குத்தான். என் தம்பி இன்னும் இஸ்தோப்பில்தான் படுக்கிறான், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆனால் கூடைகள் மடுவத்துக்கு வரும் நேரம் அவன் மண்வெட்டியை ஊன்றிக் கானுக்குள்ளிருந்து எழுந்து நிற்பான். கணேசமூர்த்தியின் கை தராசை விட்டு விலகிவிடும், றாத்தல் குறையாது.

ஒரு நாள் தம்பி காய்ச்சலில் படுத்துவிட்டான். கணேசமூர்த்தி கானைப் பார்த்தான், ஆள் இல்லை. என் கூடையில் றாத்தலைக் கழித்தான். நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். நல்ல குணம் வர எனக்கு யாரும் பந்து கொடுத்ததில்லை.