பாலத்தில் நின்ற ராட்சசன்

சால்னாவானாலும் சரி, சண்டையானாலும் சரி, இசக்கிதுரைக்குக் காரம் தூக்கலாக இருக்க வேண்டும். முன்பு லாட்ஜில் கூடத் தங்கியிருந்து, இப்போது ஊருக்குக் கிளம்பிய ஒரு நண்பனிடம் பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கி டிவியில் மாட்டியபோது, திரையில் ஈஸி, நார்மல், ஹார்ட் என்று மூன்று நிலைகள் வந்தன. முதல் இரண்டையும் ஏறெடுத்தும் பாராமல் ஹார்டை அமுக்கினான்.

வாளேந்திய வீரன் பாலத்தைக் கடந்து கோட்டைக்குள் போக வேண்டும். பாலத்தின் நடுவே ஒற்றைக்கண் ராட்சசன். அவன் கதாயுதத்தை ஒரு சுழற்றுச் சுழற்றினால் வீரன் ஆற்றில். ஆடி போய் ஆவணி வந்தும் வீரன் ஆற்றிலேயே கிடந்தான்.

இசக்கிதுரைக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி, காலை ஷிப்ட். மனைவி கனகலட்சுமிக்கு செல்போன் கம்பெனியில் மதிய ஷிப்ட். வல்லக்கோட்டை வாடகை வீட்டில் இருவரும் சேர்ந்து உட்காருவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான்.

"அன்னைக்கும் ஆத்துல விழணுமா? கொஞ்சம் குறைச்சு வச்சு ஆடுங்களேன்" என்பாள்.

"ஈஸியில ஆடுறதுக்குச் சொப்பு வச்சு விளையாடலாம்."

ஆனால் கம்பெனி பஸ்ஸில் கூட வேலை பார்க்கும் வனமாமலை கேமைப் பற்றி விசாரித்தபோது அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "முடிச்சாச்சு டே. ஹார்டுல!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஞாயிறு காலையில் வனமாமலை வாசலில் நின்றான். "நானும் அந்த கேமை வாங்கலாம்னு பாக்கேன். கோட்டைக்குள்ள என்னல இருக்கு?"

இசக்கிதுரை நாற்காலியை இழுத்துப் போட்டான். "கோட்டை... பெரிய கோட்டை டே."

"அது வெளிய இருந்தே தெரியும்லா. உள்ள?"

அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அந்த ராணி கதையை அண்ணன்கிட்ட சொல்லுங்க. சிறையில கெடக்கான்னு தேடிப் போனா, ராட்சசனை ஏவி விட்டவளே அவதானே!"

"ஏயப்பா! அப்புறம் தங்கச்சி?"

"கோட்டைக்குப் பின்னால கடல். கப்பல்ல ஏறித் தப்பப் பாப்பா. மிச்சத்தை நீங்களே ஆடிப் பாருங்கண்ணே. சொன்னா சப்புன்னு போயிரும்."

தோசையைத் தின்றுவிட்டு, நண்பன் முதுகில் மெச்சித் தட்டிவிட்டுப் போனான் வனமாமலை. இசக்கிதுரை நிமிரவில்லை.

"எப்ப ஆடின?"

"நீங்க காலையில பஸ் ஏறினப்புறம்."

"எதுல?"

"ஈஸியிலதான்" என்றாள், குழம்புக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "லைன்ல சூப்பர்வைசர்கிட்ட தெனமும் ஹார்டு ஆடிட்டுத்தான வாரேன். வீட்டுலயும் எதுக்கு?"

"அவன் முன்னால என்னைக் காட்டிக் குடுக்கலியே நீ."

"உங்களை ஆத்துல தள்ள அந்த ராட்சசன் ஒருத்தன் போதாதா?"

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமும் கூடவே கரைந்தது. பெட்டியைப் போட்டான். கட்டைவிரல் பழக்கத்தில் ஹார்டுக்குப் போய், தயங்கி, ஈஸிக்கு இறங்கியது.

நாலே வெட்டு. ராட்சசன் தொப்பென்று ஆற்றில் விழுந்தான்.

"அடப்பாவி, இவ்வளவுதானா நீ!"

கோட்டைக் கதவு திறந்தது. உள்ளே தீப்பந்தம் எரியும் மண்டபம், தொங்கு பாலம், பேசும் கிளிகள். இதையெல்லாம் பார்க்காமலா இத்தனை நாள் தண்ணீர் குடித்தோம் என்றிருந்தது அவனுக்கு.

"எடமா, வலமா?"

"வலது. பூதம் ஒண்ணு வரும், பயப்படாதிய."

வலது பக்கத்துப் பூதத்தை அடித்தான். ராணியைக் கண்டுபிடித்தான். அவள் கப்பலுக்கு ஓட, இவன் பாய்மரத்தில் ஏற, இருவரும் போட்ட கூச்சலில் வீட்டுக்காரப் பெருந்தேவி மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாம்மா சத்தம்? வூட்டுல பாம்பு கீம்பு பூந்துகிச்சா?"

"இல்லக்கா, ராணி தப்பிச்சு ஓடுதா!"

பெருந்தேவி டிவியைப் பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னா தம்பி, பாத்துகினே கீற? வுடாத, குதி!"

இசக்கிதுரை குதித்தான்.